தொட்டிச் செடிக்குப் பாடு கேட்டேன்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொல்லி அலுவலகத்தில் கேட்டார்கள். ஓய்வு பெற்றவளைப் பார்த்தால் எல்லோருக்கும் இப்படி ஏதாவது கேட்கத் தோன்றிவிடுகிறது. மண் கலவை எப்படி, தொட்டிக்கு எங்கே ஓட்டை போடுவது, வெண்டைக்கு எவ்வளவு ஆழம் வேண்டும் என்பதெல்லாம் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அதில் தப்பு செய்தால் செடி சாகும். வேறு விதை போட்டுக்கொள்ளலாம். நான் எழுதப் போவது விதை போட்டுச் சரி செய்ய முடியாத ஒரு விஷயத்தைப் பற்றி. படித்துவிட்டு வேலையை விட்டு ஓடிவிடாதீர்கள், ஆள் கிடைப்பது கஷ்டம்.

பழவேற்காடு ஏரிக்கரையில் மீனவர் வீடுகளுக்குப் பின்னால் கிடக்கிற துண்டு இடத்தில், காசு செலவில்லாமல் நாலு காய், ரெண்டு கீரை விளையவைக்க வேண்டும். அதுதான் எங்கள் வேலை. கேட்பதற்குச் சின்ன வேலையாகத் தெரியும். அங்கே தரை முழுக்க மணல், மணல் முழுக்க உப்பு. தரையில் எதுவும் வராது என்பதால்தான் தொட்டி. தொட்டி வாங்கக் காசில்லை என்பதால் ஊரில் தூக்கி எறிகிற சாமான்தான் தொட்டி. உடைந்த தெர்மாகோல் ஐஸ் பெட்டி, அடி போன பிளாஸ்டிக் கூடை, ஓட்டைக் குடம், பெயின்ட் டப்பா எல்லாம் ஆகும். பந்தலுக்குக் கிழிந்த வலையே போதும். மண் மட்டும் வெளியிலிருந்து வர வேண்டும். நான் காட்டூர்க்காரி, நெல் போடுகிற வீட்டில் பிறந்தவள். எங்கள் அண்ணன் வயல் மண்ணை மூட்டை மூட்டையாகக் கட்டி மினி வேனில் ஏற்றிக்கொண்டு போனேன். "மீன் பிடிக்கிறவனுக்கு மண்ணு விக்கப் போறியா?" என்று அண்ணன் கிண்டல் செய்தார். விற்கவில்லை, சும்மாதான் கொடுத்தேன்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக் கொடுத்தவர் ஒருவர் இருந்தார். பெயரைப் போட்டால் அவருக்குப் பிடிக்காது. வெயிலில் நடந்து நடந்து கறுத்துப்போன மனுஷர், அதிகம் பேச மாட்டார். நான் சேர்ந்த புதிதில் அவர் சொன்னது ஒன்றுதான். "ஊருக்குப் போனா முதல்ல அவங்க வார்த்தையைக் கத்துக்கம்மா. நம்ம வார்த்தையில பேசினா தலையை ஆட்டுவாங்க, அவ்ளோதான்." இதை நான் வேத வாக்காக எடுத்துக்கொண்டேன். காற்றின் பெயர், வலையின் பெயர், நீரோட்டத்தின் பெயர் எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு மனதில் ஏற்றிக்கொண்டேன். "மேடம் நம்மாளு மாதிரியே பேசுறாங்க" என்று அவர்கள் சொல்லும்போது தலையில் கிரீடம் வைத்த மாதிரி இருக்கும்.

அப்படிக் கற்ற வார்த்தைகளில் ஒன்று பாடு. ஏரியில் இறால் விழுகிற நல்ல இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் போய் வலை கட்டினால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் இன்றைக்கு இவர்கள், நாளைக்கு அவர்கள் என்று முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். பாடு உள்ள குடும்பத்துக்கு ஏரியில் பங்கு உண்டு. நான் இதைக் கேட்டதும், ஆகா, பாடு என்றால் முறை என்று எனக்கு நானே அர்த்தம் எழுதிக்கொண்டேன். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

தேசம்மா விஷயத்துக்கு வருகிறேன். முப்பதைத் தாண்டிய பெண். புருஷன் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரே மகள் சந்தியா, பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். தேசம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்று, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்து, இடுப்பில் கட்டிய பறியில் போட்டுக்கொண்டு வருவாள். பறி என்றால் ஓலைக் கூடை. அதில் கிடைப்பதை விற்றுத்தான் ரெண்டு வயிறும் ஓடின. பள்ளிக்கூடத்தில் நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, சந்தியாவுக்கு ரத்தம் ரொம்பக் கம்மி, மாத்திரையோடு கீரையும் கொடுங்கள் என்று சொல்லியிருந்தார். கீரை வாங்க வேண்டுமென்றால் பஸ் ஏறிப் போக வேண்டும்.

அதனால் நான் தொட்டி என்று வாயெடுத்ததும் முதலில் வந்து நின்றவள் தேசம்மாதான். படகு இல்லாத வீட்டில் ஐஸ் பெட்டி ஏது? மற்றவர்கள் எறிந்த பெட்டித் துண்டுகளைப் பொறுக்கி வந்து வலைக் கயிற்றால் கட்டித் தொட்டியாக்கினாள். ஒரு பழைய ஹெல்மெட்டைக் கூட விடவில்லை, அதில் பசளைக் கொடி வைத்தாள். ஊரிலேயே நன்றாக வந்த தோட்டம் அவளுடையது. சந்தியா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கத்தரிச் செடியில் புழு பொறுக்குவாள், பொறுக்கும்போதே பாடத்தை மனப்பாடம் செய்வாள். அந்தப் பெண் டீச்சராக வேண்டும் என்று சொல்லும். நானும் அப்படித்தான் ஆவாள் என்று நினைத்தேன்.

கோடை வந்தது. குழாயில் தண்ணீர் நின்றது. எப்போதாவது லாரி வந்து ஊர்த் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிவிட்டுப் போகும். குடிக்கிற தண்ணீரை எல்லா வீட்டுக்கும் சமமாகக் கொடுத்தார்கள். அதில் ஊர் ஒரு குறையும் வைக்கவில்லை. மிச்சம் நிற்கிற தண்ணீரைச் செடிகளுக்கு எப்படிப் பங்கிடுவது என்று ஊர்ச் சபை கூடிப் பேசியது. ஏரியைப் பங்கிடத் தெரிந்தவர்களுக்கு ஒரு தொட்டித் தண்ணீரைப் பங்கிடத் தெரியாதா? பாடு முறைப்படியே கொடுப்பது என்று முடிவாயிற்று. எனக்குக் கேட்க எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா! நாம் சொல்லிக் கொடுக்காமலே அவர்கள் முறையிலேயே தோட்டத்தை நடத்துகிறார்கள் என்று அலுவலகத்துக்கு எழுதிக்கூட அனுப்பினேன்.

அடுத்த முறை போனபோது தேசம்மாவின் செடிகள் தொங்கிப் போயிருந்தன. அரிசி கழுவின தண்ணீரை ஒரு லோட்டாவில் எடுத்து, வேருக்கு ஒரு வாய், வேருக்கு ஒரு வாய் என்று ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னா தேசம்மா இது? உன் முறை இன்னும் வரலையா?"

"எனக்கேது மேடம் பாடு? படுற பாடுதான் இருக்குது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். புருஷன் போனபோதே பாடும் போய்விட்டதாம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஊருக்கெல்லாம் இருக்கிற முறை இவளுக்கு மட்டும் இல்லையா? அதுவும் தண்ணீருக்கு? போதாததற்கு வேறொரு நெருக்கடியும் இருந்தது. எங்கள் வேலைக்குப் பணம் கொடுப்பவர்கள் அந்த வாரம் பார்க்க வருவதாக இருந்தார்கள். நல்ல தோட்டத்தைக் காட்டினால் ஏரியைச் சுற்றியுள்ள மற்ற ஊர்களுக்கும் வேலை நீளும். என்னிடம் இருந்த நல்ல தோட்டம் என் கண் முன்னால் வாடிக்கொண்டிருந்தது. அவசரமும் கோபமும் சேர்ந்தால் மனுஷனுக்கு நாக்கு முன்னால் ஓடும்.

சபை கூடுவது கோயில் முன்னால். பெண்கள் உள்ளே போகிற வழக்கம் இல்லை, ஓரமாக நின்று பேசலாம். அன்றைக்கு நான் போய் நின்றேன். ஊர்ப் பெரியவர் மரியாதையாக நாற்காலி போடச் சொன்னார்.

"ஐயா, தேசம்மாவுக்கும் ஒரு பாடு குடுங்க," என்றேன்.

 பெரியவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"பாடுன்னா இன்னான்னு தெரிஞ்சுதான் கேக்கறீங்களா மேடம்?"

"தெரியாமலா இத்தினி வருஷமா வந்துட்டுப் போறேன்?"

அவர் கோபப்படவில்லை. பக்கத்தில் இருந்தவர்களோடு தாழ்ந்த குரலில் பேசினார். ஒருவர் ஏதோ சொல்ல, இன்னொருவர் தலையாட்டினார். "நீங்க கேட்டது நாயம்தான். புருஷன் இல்லாதவ, பாவம். ஆவுற வழியை நாங்க பாக்கறோம், நீங்க கெளம்புங்க," என்றார். வாக்குக் கொடுத்தால் மாறுகிறவர் இல்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பணம் கொடுக்கிறவர்கள் வேறு எங்கோ வேலை வந்துவிட்டதென்று பயணத்தையே தள்ளிப்போட்டுவிட்டார்கள். அடுத்த வாரம் நான் மட்டும் போனேன். தேசம்மாவின் தொட்டிகளெல்லாம் நனைந்திருந்தன. கீரை நிமிர்ந்திருந்தது. அவள் ஓடிவந்து என் வாயில் ஒரு கை சர்க்கரையைப் போட்டாள்.

"பாடு வந்துடுச்சி மேடம். தண்ணிக்கு மட்டுமில்ல, ஏரிக்கே வந்துடுச்சி."

"எப்படி வந்தது?"

"சந்தியாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வூட்டோட வர்றாரு."

சர்க்கரை என் வாயில் இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அங்கே நின்றுதான் பாடு என்றால் என்னவென்று முழுசாகத் தெரிந்துகொண்டேன். அந்த ஊரில் கல்யாணம் ஆன ஆண் இருக்கிற வீடுதான் தலைக்கட்டு. அதாவது ஊர்க் கணக்கில் ஒரு குடும்பம். தலைக்கட்டாக இருந்தால்தான் பாடு. ஏரிப் பங்கு, கோயில் வரி, சபையில் பேச்சு, எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள்தான். தண்ணீருக்குத் தனிப் பாடு, மீனுக்குத் தனிப் பாடு என்று பிரித்துக் கொடுக்க அவர்களுக்கு வழியில்லை. நான் பாடு கேட்டேன். அவர்களும் யோசித்து, பாடு வருகிற ஒரே வழியைச் செய்து கொடுத்துவிட்டார்கள். பக்கத்து ஊரிலிருந்து ஒரு பையனைப் பார்த்ததும் அவர்களேதான். நல்ல பையன், குடிப்பதில்லை என்று தேசம்மா சொன்னாள். சந்தியாவுக்குப் பதினாறு வயது.

ரெண்டு குடம் தண்ணீர் என்று கேட்டிருந்தால், எடுத்துக்கிட்டுப் போவச் சொல்லுங்க என்று அங்கேயே முடித்திருப்பார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஊர் வார்த்தையைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று உங்களுக்கும் சொல்லிக் கொடுப்பார்கள், கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அந்த வார்த்தையைத் தூக்கினால் அதோடு சேர்ந்து என்னென்ன வரும் என்று தெரிகிற வரைக்கும், வேண்டிய பொருளின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். தண்ணீர் வேண்டுமென்றால் தண்ணீர் என்று கேளுங்கள்.

நான் பின்பக்கம் போனேன். சந்தியா செடிகளுக்கு நடுவில் குந்தியிருந்தாள்.

"உனக்குச் சம்மதமா கண்ணு?"

அவள் ஒரு இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மாவுக்குப் பாடு வரும்ல மேடம்," என்றாள்.

"படிப்பு?"

அவள் இலையைத் திரும்பவும் புரட்டினாள். அந்த இலையில் புழு எதுவும் இல்லை, எனக்கும் தெரிந்தது.

அன்று பஸ் ஸ்டாப்பிலிருந்து, எனக்கு வேலை கற்றுக் கொடுத்தவருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். புகார் கொடுத்தால் கல்யாணம் நிற்கும். தேசம்மா ஊரில் தலை காட்ட முடியாது. மற்ற வீட்டுத் தோட்டங்களும் போகும், இனி அந்த ஊர்ப் பக்கம் நாங்கள் போக முடியாது. கொடுக்காவிட்டால் ஒரு பிள்ளையின் கழுத்தில் தாலி ஏறும். அவர் குறுக்கிடாமல் கேட்டார். 

"எதைச் செஞ்சாலும் ஒருத்தர் உன்னை மன்னிக்க மாட்டாங்க. யாரோட கோவத்தை உன்னால தாங்க முடியும்னு பாரு. அதைச் செய்," என்றார். பிறகு, "ஒண்ணு. முதுகுக்குப் பின்னால செய்யாத," என்றார்.

அதனால் பொன்னேரிக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு, திரும்பவும் தேசம்மாவின் வீட்டுக்கு நடந்தேன்.  பயந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவள் வாசலில் உட்கார்ந்து இறாலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"தேசம்மா, இந்தக் கல்யாணத்தை நான் நிறுத்தப் போறேன். நாளைக்குப் பொன்னேரியில ஆபீசருங்ககிட்ட போய்ச் சொல்லப் போறேன். உன்கிட்ட சொல்லாமப் போவக் கூடாதுன்னு வந்தேன்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கையை மட்டும் நிறுத்தினாள்.

"நீங்கதான மேடம் கேட்டீங்க? நான் கேட்டேனா? செடி காஞ்சா காஞ்சிட்டுப் போவுதுன்னுதான இருந்தேன்?"

"நான் தண்ணியைத்தான்..."

"எங்க நைனா காலத்துலேர்ந்து இந்த ஏரியில நிக்கிறேன். ஆம்பள இல்லாத வூடுன்னு ஒருத்தரும் ஏறெடுத்துப் பாக்கல. இப்பதான் சபையில என் பேரைச் சொன்னாங்க. வாங்கிக் குடுத்தவங்களே புடுங்கறீங்க."

 அவள் சொன்னதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை. ஆனாலும் மறுநாள் பொன்னேரிக்குப் போய்ச் சொன்னேன். இன்றைக்கும் அதே நிலை வந்தால் அதையேதான் செய்வேன். செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

அதிகாரிகள் வந்தார்கள். பேசினார்கள், எழுதி வாங்கினார்கள், கல்யாணம் நின்றது. ஊரில் ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். யார் புகார் கொடுத்தது என்று விசாரிக்கக்கூட இல்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சில நாள் கழித்து நான் போனபோது, எங்கள் வேன் வழக்கமாக நிற்கிற இடத்தில், ரோட்டோரம் மூட்டைகள் அடுக்கியிருந்தன. அவிழ்த்துப் பார்த்தேன். எங்கள் அண்ணன் வயல் மண். வேர்த் துணுக்குகள் கூட அதில் இருந்தன. ஊரில் எல்லா வீட்டுத் தொட்டியையும் கவிழ்த்து, மண்ணை மட்டும் மூட்டை கட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். என் மேல் மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சிந்தாமல் கட்டி வைத்திருந்தார்கள்.

டிரைவர், "ஏத்தட்டுமா மேடம்?" என்றார். வெயிலில் நின்று யோசித்தேன். அங்கேயே விட்டுவிட்டு வந்தால், அவர்கள் கொடுத்ததை வாங்க மறுத்த மாதிரி ஆகும். ஏற்றச் சொன்னேன். அந்த மண் திரும்பவும் காட்டூருக்கே போயிற்று. அண்ணன் அன்றைக்குக் கிண்டல் செய்யவில்லை.

தேசம்மாவை ஊரை விட்டுப் போ என்று யாரும் சொல்லவில்லை. குடிதண்ணீர்கூடக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அவள் பிடித்த இறாலை வாங்க ஆள் வரவில்லை. அவள் தண்ணீரில் இறங்கினால் பக்கத்தில் இருக்கிற பெண்கள் வேறு பக்கம் நகர்ந்தார்கள். பிறந்து வளர்ந்த ஏரி. அதில் இடுப்பளவு நின்றுகொண்டு, பேச ஒரு ஆள் இல்லாமல் எத்தனை நாள் தடவுவாள்? மழை தொடங்குவதற்கு முன்னால் மகளைக் கூட்டிக்கொண்டு மீஞ்சூருக்குப் போய்விட்டாள். ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிற வேலை கிடைத்தது என்று கேள்விப்பட்டேன். அந்த ஊரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் எங்கள் ஆட்கள் இன்னும் கால் வைக்க முடியவில்லை. திரும்பவும் முயற்சி செய்ய நீங்கள் போகப் போகிற இடம் அதுதான். யாராவது உங்களிடம் முகம் கொடுத்துப் பேசாவிட்டால் காரணம் நீங்கள் இல்லை, நான்.

ஓய்வு பெற்ற பிறகு, பொன்னேரி ஸ்டேஷனில் ஒரு பெண் என் முன்னால் வந்து நின்றாள். சந்தியா. தோளில் காலேஜ் பை. முதல் வருஷம் படிக்கிறாளாம், மீஞ்சூரிலிருந்து தினமும் ரயிலில் வருகிறாளாம். கண்ணுக்குக் கீழே இன்னும் வெளுப்பு இருந்தது. "வூட்டுக்கு வாங்க மேடம்," என்றாள். போவதா வேண்டாமா என்று தயங்கினேன். அவளே கையைப் பிடித்து ரயிலில் ஏற்றினாள். வழியெல்லாம் காலேஜைப் பற்றிப் பேசினாள். ஏரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

தண்டவாளத்தை ஒட்டி வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். பின்னால் இடம் என்று எதுவும் இல்லை, அடுத்த வீட்டுச் சுவர்தான். வாசலிலேயே நின்றேன். உள்ளே தேசம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முதுகு தெரிந்தது. நன்றாக இளைத்துவிட்டாள்.

"அம்மா, யாரு வந்திருக்காங்க பாரு," என்றாள் சந்தியா.

முதுகு அசையவில்லை.

"தேசம்மா," என்று கூப்பிட்டேன். சந்தியா என் முகத்தையும் அம்மாவின் முதுகையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அந்தப் பெண்ணுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. நான் கிளம்புகிறேன் என்று கையால் காட்டிவிட்டுச் செருப்பைத் தேடினேன்.

அப்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. என்னிடம் சொன்னதல்ல, மகளிடம் சொன்னது.

"வந்தவங்களுக்குத் தண்ணி குடு."

சந்தியா கேனிலிருந்து ஒரு சொம்பு நிறையப் பிடித்துக் கொண்டுவந்தாள். வாசலில் நின்றபடியே, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் அத்தனையையும் குடித்தேன். தேசம்மா திரும்பவே இல்லை. காலிச் சொம்பைச் சந்தியாவிடம் கொடுத்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.